அது வெறும் லிஃப்ட்தான்

கட்டிலுக்கு அடியிலிருந்து மாமியார் பெட்டியை இழுக்கும் சத்தம் கேட்டது. லிஃப்ட் மெக்கானிக்குக் கை ஆடிப்போய், குழந்தையின் வாய்க்குப் போக வேண்டிய வாழைப்பழம் மூக்குக்குப் போனது.

குழந்தை வீறிட்டது. அதை அப்படியே இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு அறை வாசலுக்கு ஓடினான்.

அந்தப் பெட்டி போன மாதம்தான் வீட்டுக்குள் வந்திருந்தது. அது வந்த அன்றுதான் அவன் மனைவி ஒரு வருடத்துக்குப் பிறகு முதல் முறையாக வாய்விட்டுச் சிரித்தாள். அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்பவள். பிரசவத்துக்காக விட்ட வேலையை முதலாளி அவளுக்காகவே ஒதுக்கி வைத்திருந்தார். வருகிற திங்கட்கிழமை வந்து சேர வேண்டும், வராவிட்டால் வேறு ஆள் என்று கறாராகச் சொல்லியும்விட்டார். குழந்தையைப் பார்த்துக்கொள்ளத்தான் மாமியார் வந்திருந்தார்.

அவரை விட்டால் வீட்டில் இருப்பது மெக்கானிக்கின் அப்பா ஒருவர்தான். அவரிடம் ஒரு தடவை அரை மணி நேரம் குழந்தையை விட்டுப் பார்த்தார்கள். கரடி பொம்மைக்குக் கச்சிதமாக டயப்பரைக் கட்டிவிட்டுக் குழந்தையை அம்போ என்று விட்டிருந்தார்.

ஆக, பெட்டி வாசலைத் தாண்டினால் திங்கட்கிழமை கோவிந்தா. இன்று சனிக்கிழமை.

"எங்க அத்தை கிளம்பிட்டீங்க?"

"அக்கா வீட்டுக்கு மாப்பிள்ளை. நாளைக்குச் சாயங்காலம் வந்துடுவேன்."

நாளைக்கு வருகிறவர்கள் கைப்பையோடு போவார்கள். மெக்கானிக் குழந்தை இல்லாத கையால் பெட்டியைத் தூக்கிப் பார்த்தான். அது அசைந்துகூடக் கொடுக்கவில்லை. ஒரு ராத்திரிக்கு யார் இவ்வளவு கனம் சுமந்துகொண்டு போவார்கள்? அத்தை மூட்டை முடிச்சோடு மொத்தமாகக் கிளம்புகிறார் என்று அவனுக்குப் பட்டுவிட்டது.

காரணமும் தெரிந்துபோயிற்று. தலையணைமேல் அந்த வார இதழ் விரிந்து கிடந்தது.

நம் மெக்கானிக்குக் கதை எழுதும் வியாதி உண்டு. பல வருடமாக எழுதி அனுப்பி, அனுப்பிய வேகத்தில் திரும்பி வந்து, கடைசியில் இந்தப் புதன்கிழமைதான் முதல் கதை அச்சில் வந்திருக்கிறது. மனிதர்களை வைத்து எழுதினால் வீட்டில் யாராவது வம்புக்கு வருவார்கள் என்று பயந்து, மனிதர்களே இல்லாத கதையாகப் பார்த்து எழுதியிருந்தான். ஓர் ஏழு மாடிக் கட்டடத்துப் பழைய லிஃப்ட். மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிடும். கதவை இரண்டு தடவை சாத்தினால்தான் மூடும். பக்கத்திலேயே புது லிஃப்ட் விறுவிறு என்று ஏறி இறங்கும். கடைசியில் பழசைக் கழற்றிப் போட முடிவு செய்கிறார்கள். 'இத்தனை வருடத்தில் அது ஒருவரையும் கீழே போட்டதில்லை' என்று கதை முடியும். அவ்வளவுதான்.

ஆனால் புதன்கிழமையிலிருந்து வீடு வீடாக இல்லை. மனைவி அவனை ஒரு வேலையும் ஏவவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஓர் அபாயம் நேர்ந்ததே கிடையாது. அவன் உள்ளே வந்தால் அப்பா டிவியை அணைத்துவிட்டு அவனையே உற்றுப் பார்த்தார். மாமியார் அவனைப் பார்க்கும்போதெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரும் கதையைப் பற்றி வாயைத் திறக்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

"அத்தை, கதையைப் படிச்சீங்களா?"

"படிச்சேன்." மாமியார் ஒரு சால்வையை மடித்தார். "மூணுக்கும் நாலுக்கும் நடுவுல மூச்சு வாங்கிக்கிட்டு நிக்கும்னு எழுதியிருக்கீங்க."

"ஆமா, அது வந்து..."

"நம்ம படியில நான் எங்க நிப்பேன் மாப்பிள்ளை?"

மெக்கானிக்குப் பகீர் என்றது. அவர்கள் குடியிருப்பது நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது. லிஃப்ட் மெக்கானிக் வீட்டுக்கு லிஃப்ட் இல்லை என்பது தெருவுக்கே பழகிப்போன சிரிப்பு. மூட்டு வலியோடு ஏறிவரும் மாமியார் மூன்றாவது மாடி தாண்டியதும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்று விடுவார். அவன் தினமும் பார்க்கிறான். எழுதும்போது ஒரு தடவைகூட ஞாபகம் வரவில்லை.

"கதவு ரெண்டு தடவை சாத்தினாதான் மூடுமாம்" என்றார் மாமியார். "என் வாயைப் பத்தி என் பொண்ணும் இதையேதான் சொல்லுவா. கடைசி வரியைத் திரும்பத் திரும்பப் படிச்சேன் மாப்பிள்ளை." குரல் உடைந்தது.

"ஐயையோ அத்தை! அது நீங்க இல்ல!"

சால்வை பாதி மடிப்பில் நின்றது. "நான் இல்லையா?"

"இல்லவே இல்ல. உங்களைப் பத்தி நான் அப்படி எழுதுவேனா?"

"எழுத மாட்டீங்களா?"

"செத்தாலும் எழுத மாட்டேன்!"

மாமியாரின் முகம் சுண்டிப்போனது. இன்னும் நம்பவில்லை போலிருக்கிறது என்று நினைத்தான் மெக்கானிக்.

"அப்ப யாரு அது?"

யோசிக்க அவகாசம் இல்லை. ஹாலிலிருந்து இருமல் சத்தம் கேட்டது. "அப்பா" என்று வாயில் வந்துவிட்டது.

"சம்பந்தியா? அவரு யாரைச் சுமந்தாரு? காலையிலேர்ந்து அவரைச் சுமக்கிறது அந்த சோபாதானே!"

சொன்னதோடு நிற்காமல் மாமியார் நேரே ஹாலுக்கு நடந்தார். அந்த மூட்டில் அந்த வேகத்தை அவன் எதிர்பார்க்கவில்லை.

"சம்பந்தி, கதையில வர்றது நீங்கதானாமே. மாப்பிள்ளையே சொல்றாரு."

அப்பா சோபாவில் இருந்தபடியே செய்தித்தாளை மெல்ல இறக்கினார்.

"தெரியும். படிச்ச அன்னைக்கே தெரியும்" என்றார். "நடுவுல நின்னுடும், எங்க போகக் கிளம்பினோம்னு அதுக்கே மறந்துபோகும்னு எழுதியிருக்கான். என்னைத் தவிர வேற யாரு? நானும் எதையாவது பேச ஆரம்பிச்சேன்னா..."

நின்றார். எதைச் சொல்ல வந்தோம் என்று விட்டத்தைப் பார்த்தார். அது அங்கே இல்லை.

அம்மா போனபிறகு அப்பாவுக்கு ஞாபகம் நழுவ ஆரம்பித்திருந்தது. அதைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை என்று சொல்லாமலே ஒரு ஏற்பாடு. அதைப்போய் அச்சில் ஏற்றிவிட்டேனே என்று மெக்கானிக் துடித்துப்போனான்.

"அப்பா, சத்தியமா அது நீங்க இல்லப்பா."

"ஏன்டா? எனக்கு என்ன குறை?"

"அதைத்தான் நானும் சொல்றேன். உங்களுக்கு ஒரு குறையும் இல்ல. அதனாலதான் அது நீங்க இல்ல."

"இப்பதான் நான்னு சம்பந்தியம்மா சொன்னாங்க?"

"அவங்க சும்மா சொன்னாங்க."

"நான் சும்மா சொன்னேனா?" என்றார் மாமியார். "குழந்தையை வெச்சுக்கிட்டுப் பொய் சொல்லாதீங்க மாப்பிள்ளை."

குழந்தை மூக்கு நிறைய வாழைப்பழத்தோடு எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தது.

"அப்ப யாருடா அது?" என்றார் அப்பா.

"அண்ணன்" என்றான் மெக்கானிக்.

எதிரில் இல்லாத ஆள்மேல் பழியைப் போடுவது எப்போதுமே வசதி. அண்ணன் அடுத்த தெருவில்தான் இருக்கிறான் என்பதும், அப்பாவின் சட்டைப்பையில் கைபேசி இருக்கிறது என்பதும் பழியைப் போட்ட பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

"பெரியவனே! அந்தக் கதை உன்னைப் பத்தித்தானாம். சின்னவன் சொல்றான். நீயே வந்து கேளு" என்று சொல்லிவிட்டு அப்பா அழைப்பைத் துண்டித்தார். ஆள் பெயர், தெருப் பெயர் எல்லாம் மறக்கிற அப்பாவுக்கு இது மட்டும் வரி பிசகாமல் வந்தது.

அண்ணன் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, ஈரத் தலையோடு வந்து நின்றான். தண்ணீர் வாரிய அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, எழுத்தராகவே தலை நரைத்தவன். அவனிடம் வேலை பழகியவர்களெல்லாம் இப்போது தனி அறையில் உட்கார்ந்து அவனைக் கூப்பிடுகிறார்கள்.

"'பக்கத்து லிஃப்ட் ஏறிக்கொண்டே இருக்கும், இது மட்டும் நடுவில் நிற்கும்'" என்று மனப்பாடமாக ஒப்பித்தான் அண்ணன். உதடு துடித்தது. "டேய், நீ இப்படி எழுதுவேன்னு நான் கனவுலகூட நினைக்கலடா."

"அண்ணா..."

"வியாழக்கிழமையே எங்க மேலதிகாரி மேஜையில அந்தப் பக்கத்தை விரிச்சு வெச்சுட்டேன். அவரும் படிச்சுட்டாரு."

அரசாங்க மேஜை என்றதும் மெக்கானிக்கின் கண் முன்னால் வழக்கு, வக்கீல், வாய்தா எல்லாம் வரிசை கட்டி நின்றன. மாமியார் போனால் திங்கட்கிழமை போகும். அண்ணன் கோர்ட்டுக்குப் போனால் எல்லாமே போகும்.

"அண்ணா, உன் கால்ல விழறேன், கேஸ் கீஸுன்னு போயிடாத. அது நீ இல்ல."

"நான் இல்லையா?" அண்ணன் குரல் கீச்சென்று உயர்ந்தது. "அப்பாகிட்ட நான்னு சொன்னியாமே?"

"அது அப்பாவைச் சமாதானப்படுத்தச் சொன்னது."

"என்னை எதுக்குடா சமாதானப்படுத்தணும்?" என்று அப்பா எழுந்தே விட்டார்.

"நிஜத்தைச் சொல்லு. யாரு?" என்றான் அண்ணன்.

மெக்கானிக் சுற்றிலும் பார்த்தான். வீட்டில் மிச்சம் இருந்தது ஒரே ஆள்தான். அவளும் வெளியே போயிருந்தாள்.

"என் பொண்டாட்டி" என்றான்.

சில நேரத்தில் கதவு திறக்கிற சத்தம்கூட நம்மைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரியே இருக்கும். அவள் வாசலில் நின்றிருந்தாள். திங்கட்கிழமை போட்டுக்கொள்ள வேண்டிய வெள்ளைக் கோட்டைத் தையற்கடையில் அளவு சரிசெய்து வாங்கிக்கொண்டு, ஒரு சுருக்கம் விழாமல் இரண்டு கையிலும் ஏந்திப் பிடித்திருந்தாள்.

"நானா?" என்றாள்.

"அது வந்து..."

"புதன்கிழமையிலேர்ந்து உங்களைக் கேக்கலாமா வேண்டாமான்னு மனசுக்குள்ளயே வெச்சுக்கிட்டு இருக்கேன்." கோட்டை நாற்காலியில் தொங்கவிட்டாள். "'விடிந்ததிலிருந்து எல்லோரையும் ஏற்றி இறக்கும், ஏறியவர்கள் யாரும் அதைத் திரும்பிப் பார்த்ததில்லை.' நான்தானே?"

"உன்னைப் பத்தியா?" என்று பாய்ந்தார் மாமியார். "உனக்கு எங்கடி மூச்சு வாங்குது?"

"பின்ன, உன்னைப் பத்தியாம்மா? நீ வந்து ஒரு மாசம்கூட ஆகல."

"நடுவுல நிக்கிறது யாரு? அதைச் சொல்லுங்க முதல்ல" என்றான் அண்ணன்.

"மறந்துபோறது யாரு?" என்றார் அப்பா. "அதை... அதைச் சொல்லுங்க."

நாலு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு வரி வாய்ப்பாடமாக இருந்தது. எழுதிய அவனுக்கே அவ்வளவு ஞாபகம் இல்லை. ஒரு கதையை எழுதி ஒரு குடும்பத்தையே குத்திக் கிழித்துவிட்டேனே என்று மெக்கானிக்குக் காது அடைத்தது. இடுப்பிலிருந்த குழந்தை மட்டும் இந்தக் கூச்சல் பிடித்துப்போய்க் கைதட்டியது.

மனைவி கையை உயர்த்தினாள். கடையில் அவள் அப்படிக் கையை உயர்த்தினால் எப்பேர்ப்பட்ட ஆளும் வாயை மூடிக்கொண்டு எதிரே இருக்கிற பலகையைப் பார்ப்பான்.

"இங்க பாருங்க. ஒண்ணொண்ணாக் கேக்கறேன். தெளிவா இருக்கா, மங்கலா இருக்கான்னு மட்டும் சொல்லுங்க. அது எங்க அம்மாவா?"

"இல்ல."

"மாமாவா?"

"இல்ல."

"உங்க அண்ணனா?"

"இல்ல."

"நானா?" இதைக் கேட்கும்போது மட்டும் அவள் குரல் கொஞ்சம் இறங்கியது.

மெக்கானிக்குப் பொறுமை அறுந்தது. காலையிலிருந்து பொய்க்கு மேல் பொய்யாகச் சொல்லி ஒவ்வொரு பொய்யும் ஓர் ஆளைக் கொண்டுவந்து ஹாலில் நிறுத்திவிட்டது. இனிமேல் கூப்பிட ஆளும் இல்லை. உண்மை ஒன்றுதான் பாக்கி.

"லிஃப்ட்!" என்று கத்தினான். "அது லிஃப்ட்! வெறும் லிஃப்ட்! நான் மாசா மாசம் சர்வீஸுக்குப் போற பில்டிங்ல இருக்கு. மூணுக்கும் நாலுக்கும் நடுவுல அது நிக்கிறது பிரேக் தேஞ்சதால. கதவு மூடாதது ரோலர் போனதால. வேணும்னா வாங்க, கூட்டிட்டுப் போய்க் காட்டறேன். எழுதும்போது உங்க யாரையும் நான் நினைக்கல. நம்ம வீட்டு ஆளு ஒருத்தர்கூட அந்தக் கதையில கிடையாது!"

நாலு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மெக்கானிக்கின் நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே, என்ன முட்டாள் நான் என்று புன்னகைகூடச் செய்தான். இதோ, எல்லோரும் சிரிக்கப் போகிறார்கள். அத்தை பெட்டியை உள்ளே தள்ளப் போகிறார்.

"ஒருத்தருமே இல்லையா?" என்றார் மாமியார் சின்னக் குரலில்.

"ஒருத்தருமே இல்ல அத்தை!"

"தூசி அளவுக்குக்கூட?"

"தூசி அளவுக்குக்கூட!"

மாமியார் அறைக்குள் போனார். பெட்டியைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு வந்தார்.

"நான் இனிமே அக்கா வீட்டுலயே இருந்துக்கறேன்."

"அம்மா! திங்கக்கிழமை?"

"உன் வீட்டுக்காரர் அந்த லிஃப்ட்டைக் கூப்பிட்டுக் குழந்தையைப் பாத்துக்கச் சொல்லட்டும்."

மெக்கானிக் ஆடிப்போனான். "அத்தை, உங்களைப் பத்தி எழுதலைன்னுதானே சொன்னேன்!"

"கேட்டுச்சு. எனக்கு மூட்டுதான் வலி, காது நல்லாத்தான் இருக்கு."

அப்பா செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அதற்குள் மறைந்துபோனார். "பிரேக் தேஞ்சுதாம்" என்று மட்டும் உள்ளேயிருந்து ஒரு முணுமுணுப்பு வந்தது.

"இனிமே நான் எந்த மூஞ்சியை வெச்சுக்கிட்டுடா ஆபீஸுக்குப் போவேன்?" என்று அண்ணன் செருப்பைத் தேடினான். கிடைத்தது அப்பாவின் செருப்பு. அதையே மாட்டிக்கொண்டான்.

மனைவி நாற்காலியிலிருந்த வெள்ளைக் கோட்டை எடுத்து, நாலாக, எட்டாக மடித்து, அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தினாள். பிறகு திரும்பி, "பிழிஞ்சு வெச்ச துணியை மாடியில காயப் போடுங்க. தண்ணி கேன் தீந்துடுச்சு. பாத்ரூம் பல்பை மாத்துங்க" என்றாள்.

மெக்கானிக்குக் கண்ணைக் கரித்துக்கொண்டு வந்தது. அவளுடைய அந்தக் கோட்டுக்காகத்தானே காலையிலிருந்து இத்தனை கூத்தும். பொய் சொன்னவரைக்கும் ஆடிக்கொண்டாவது நின்ற வீடு, உண்மையைச் சொன்னதும் மளமளவென்று சரிந்துவிட்டது. மனிதர்களைப் பற்றி எழுதினாலும் கோபம், எழுதாவிட்டாலும் கோபம் என்றால் ஒருத்தன் எதைப் பற்றித்தான் எழுதுவது? இனிமேல் வாழ்நாளில் பேனாவைத் தொடுவதில்லை என்று குழந்தையின் தலைமேல் கை வைக்கப்போனான். குழந்தை தலையை நகர்த்திக்கொண்டது.

அழைப்புமணி அடித்தது.

அவனே போய்த் திறந்தான். தெருமுனையில் பத்திரிகைக் கடை வைத்திருக்கும் அம்மாள் நின்றிருந்தார். நாலு மாடி ஏறிய களைப்பில் முகமெல்லாம் வியர்வை. கயிறு போட்டுக் கட்டிய வார இதழ்க் கட்டு ஒன்றை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தார்.

"என்னம்மா இது?" என்றான் மெக்கானிக்.

அவர் கட்டைத் தரையில் பொத்தென்று வைத்துவிட்டு, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். பிறகு அவனை ஏற இறங்கப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"கதை எழுதின தம்பி நீங்கதானா? இன்னும் வேணும்னு கேட்டாங்களேன்னு புதுசா வரவழைச்ச கட்டு இது. என்ன மாயம் பண்ணினீங்களோ தெரியல, உங்க வீட்டு ஆளுங்க நாலு பேரும் தனித்தனியா வந்து, 'கதையில வர்றது நான்தான், வெளிய சொல்லிடாதீங்க, தெரிஞ்சா மத்த மூணு பேருக்கும் மனசு கஷ்டமாயிடும்'னு சொல்லிச் சொல்லி, என் கடையில ஒரு புத்தகம் மிச்சம் விடாம அள்ளிக்கிட்டுப் போயிட்டாங்களே!"